பத்து ஓம் ரெசிஸ்டர்

ஜூலை 4, சனி

இந்த நோட்டின் முன்பக்கம் சமூக அறிவியல். பின்பக்கத்திலிருந்து எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள். கொசுவலைக்குள் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மா பக்கத்து அறையில் தூங்குகிறாள். காற்று ஜன்னலை அடிக்கும்போதெல்லாம் அவள் எழுந்துவிட்டாளோ என்று டார்ச்சை அணைக்கிறேன்.

இன்று நான் அம்மாவின் பெட்டியைத் திறந்தேன்.

திருட்டுத்தனமாகத் திறக்கவில்லை. அப்பா போன கடிதத்தில், 'அம்மா கட்டியிருக்கும் பெட்டியை உள்ளே எப்படி இருக்கிறதோ அப்படியே வரைந்து அனுப்பு, டெல்பின்' என்று எழுதியிருந்தார். அவர் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசர். இப்போது ஆப்பிரிக்காவின் கீழ்முனையைத் தாண்டிப் பிரேசில் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கும் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் உண்டு. புதனும் ஞாயிறும் மாலை ஏழு மணிக்கு இரண்டு பேரும் புள்ளியும் கோடுமாக மோர்ஸில் பேசுவார்கள். கப்பல் தூரமாகப் போகப்போக எங்கள் சின்ன செட்டின் சத்தம் அவருக்கு எட்டவில்லை. அதனால்தான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலை முடிந்து வந்து அம்மா ஐந்து மாதம் உட்கார்ந்து இந்தப் பெட்டியைக் கட்டினாள். சின்ன செட்டின் சத்தத்தை வாங்கிப் பெரிதாக்கி மொட்டை மாடி ஏரியலுக்கு அனுப்பும். இந்தப் புதன்கிழமைதான் முதல் முறை. 'பக்கத்துத் தெருவில் இருக்கிற மாதிரிக் கேட்கிறது' என்று அப்பா சொன்னார்.

வீட்டில் ஒரே சட்டம். அம்மா இல்லாதபோது அந்த மேசையைத் தொடக் கூடாது.

அம்மாவுக்கு இன்று பகல் டியூட்டி. மூடியைக் கழற்றி வரைந்தேன். இரண்டு டிரான்சிஸ்டர்கள், வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று, அலுமினியத் தகட்டில் திருகப்பட்டவை. ஒவ்வொன்றின் காலிலும் ஸ்லீவ் என்ற கறுப்புக் குழாய் உறைக்குள் ஒரு குட்டி ரெசிஸ்டர். அதன் அளவைச் சொல்லும் நிற வளையங்களைப் பார்க்கப் பென்சில் முனையால் வலது பக்கத்து ஸ்லீவை மெல்ல நெம்பினேன். டக்கென்று அதன் கம்பி ஒடிந்தது.

பழுப்பு, கறுப்பு, கறுப்பு. பத்து ஓம். டபிள்யூ.ஜி.சி. ரோட்டு ரேடியோ சாமான் கடைக்கு ஓடினேன். "நல்ல உறுதியானதா குடுங்க" என்றேன். அவர் பச்சை நிறத்தில் இரண்டு கொடுத்தார். "இது சீக்கிரம் ஒண்ணும் ஆவாது பாப்பா" என்றார். ஒன்றுக்குப் பழைய ஸ்லீவையே மாட்டி சால்டர் வைத்தேன். மீட்டரில் பார்த்தேன். பத்து. மூடியைப் போட்டேன்.

பத்துக்குப் பத்து. ஆகவே ஒன்றும் ஆகவில்லை.


ஜூலை 5, ஞாயிறு

ஆகிவிட்டது.

ஏழு மணிக்கு அம்மா பெட்டியை ஆன் செய்தாள். மோர்ஸ் அடிக்கும் கீயைத் தொடவேயில்லை. அதற்குள் பெட்டியின் மீட்டர் முள் தானாக ஏறிப் பாதியில் நின்றது. "இது என்ன கூத்து?" என்றாள். கீழ்வீட்டிலிருந்து ஒரு சத்தம். ராமசுப்பு அண்ணாச்சி. எங்கள் குடியிருப்பின் சங்கச் செயலாளர்.

"ஏ யாருட்டி அது! படத்துல கோடு கோடா விழுது!"

அம்மா ஆஃப் செய்தாள். "கோடு போயிட்டு!" என்றது கீழே. மறுபடி ஆன் செய்தாள். "வந்துட்டு!"

அப்பா கூப்பிட ஆரம்பித்துவிட்டார். எனக்கு மோர்ஸ் முழுதாகத் தெரியாது. ஆனால் அப்பா எங்களைக் கூப்பிடும் தாளம் தெரியும். கூப்பிட்டார். காத்திருந்தார். கூப்பிட்டார். அம்மா பெட்டி இல்லாமல் சின்ன செட்டிலேயே பதில் அடித்தாள். அவருக்குக் கேட்கவில்லை. அவர் அடிப்பது எங்களுக்குக் கேட்கிறது, நாங்கள் அடிப்பது அவருக்குக் கேட்கவில்லை. இருபது நிமிடம் கூப்பிட்டுவிட்டு, கடைசியில் வழக்கமாகப் போடும் இரண்டு குட்டிப் புள்ளியை அடித்தார். டிட் டிட். அதற்குப் பதிலாக அம்மாவும் இரண்டு புள்ளி அடிக்க வேண்டும். அடித்தாள். யாருக்கு என்று தெரியவில்லை.

நான் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.


ஜூலை 6, திங்கள்

கணக்கு டெஸ்ட். பதினெட்டு. வேறு ஒன்றுமில்லை.


ஜூலை 8, புதன்

சோதித்துப் பார்க்க, அம்மா பெட்டியிலிருந்து ஏரியலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு அறுபது வாட் பல்பை மாட்டியிருக்கிறாள். கீயை அழுத்தினால் பல்பு பளிச்சென்று எரிகிறது. அது சரி. கீயை விட்டால் அணைய வேண்டும். அணையாமல் மங்கலாகச் சிவந்துகொண்டே இருக்கிறது.

"தானாப் பாடுது" என்றாள் அம்மா. பெட்டியைத்தான்.

பிஸ்கட் டின்னை வெட்டி நடுவில் தடுப்பு வைத்தாள். பாடியது. வயர்களையெல்லாம் குட்டையாக வெட்டினாள். பாடியது. கம்பியில் அதிர்வை அடக்கும் குட்டிக் கறுப்பு மணிகளைக் கோத்தாள். கொஞ்சம் அடங்கியது, பிறகு பாடியது. அரைமணிக்கொருமுறை கீழே இருந்து அண்ணாச்சி கத்தினார். எட்டு மணிக்குக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலேயே வந்துவிட்டார்.

"என்ன அமலோற்பவம், மூணு நாளா செய்தி வாசிக்கிற பொண்ணு மூஞ்சியில மீன் முள்ளு மாதிரி கோடு விழுது. என்ன செய்யுதீங்க மேல?"

"ஒரு சின்ன கோளாறு அண்ணாச்சி. சரி பண்ணிக்கிட்டு இருக்கேன்."

"பல்பத்தான் மாட்டியிருக்கீங்க. பல்பு எரிஞ்சா எங்க வீட்டுல எதுக்குக் கோடு விழுது?"

அம்மா பொறுமையாகத்தான் சொன்னாள். "ஊஞ்சல்ல பிள்ளைய வச்சு ஆட்டுதோம்னு வைங்க. நாம கைய எடுத்தா அது நிக்கணும். நிக்கிறதுக்காவ, கால தரையில தேய்க்கிற மாதிரி ஒரு தடுப்பு வச்சிருக்கு. இது நான் கைய எடுத்த பொறவும் ஆடிக்கிட்டே இருக்கு. அதுவும் நான் ஆட்டுன வேகத்துல ஆடல, பத்து மடங்கு வேகத்துல ஆடுது. அந்த வேகம் உங்க டிவி புடிக்கிற வேகம்."

"அப்ப பிள்ளைய எறக்கி விடுங்க" என்றார் அண்ணாச்சி.

ஏழு மணிக்கு ஏரியலைச் சின்ன செட்டில் மாட்டியபோது அப்பா கூப்பிட்டிருந்தார். இன்றும் அப்படியேதான்.


ஜூலை 10, வெள்ளி

வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு நேரத்தில் அம்மா பெட்டியைத் தொட்டிருக்கக் கூடாது. இரண்டே நிமிடம்தான். நான்கு வீட்டுக்காரர்கள் படியேறி வந்துவிட்டார்கள். அண்ணாச்சி படிக்கட்டுச் சுவரில் தாள் ஒட்டிவிட்டார். 19 ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். அதற்குள் கோடு நிற்காவிட்டால் மாடியில் இருக்கும் ஏரியல் வயர் அவிழ்க்கப்படும்.

ஏரியல் போனால் அப்பா அடிப்பதைக் கேட்கவும் முடியாது. அவர் கரைக்கு வர ஜனவரி ஆகும்.


ஜூலை 11, சனி

வலது பக்கத்து டிரான்சிஸ்டர் தொட முடியாமல் சுடுகிறது. இடது பக்கம் வெதுவெதுப்புதான். "போலிச் சரக்கு" என்றாள் அம்மா. டிரான்சிஸ்டர்களைத் தபாலில் அனுப்பியவர் கோயம்புத்தூர் மாணிக்கம் சார். அவரும் ரேடியோக்காரர். அம்மா நேரில் பார்த்ததே இல்லை, ஆறு வருடமாகக் காற்றில் பழக்கம். அவருக்கு இன்லேண்டு லெட்டரில் ஒரு பக்கம் எழுதினாள். முகம் சிவந்து எழுதினாள். 'நம்பி வாங்கினேன், நீங்கள் இப்படிச் செய்வீர்கள் என்று நினைக்கவில்லை' என்ற வரி எனக்குத் தெரிந்தது.

"ஏட்டி, டியூஷன் போவும்போது இதப் பெட்டியில போட்டுரு."

தபால் பெட்டி வரைக்கும் போனேன். அதன் வாய்க்குள் லெட்டரைப் பாதி நுழைத்தேன். பிறகு வெளியே எடுத்துவிட்டேன். இப்போது அது இந்த நோட்டுக்குள் இருக்கிறது.

"போட்டுட்டியா?"

"போட்டாச்சும்மா."

ஏன் போடவில்லை என்று எனக்கே தெரியவில்லை. அவர் அனுப்பியது போலியாகவும் இருக்கலாமே. என்னுடையது பத்துக்குப் பத்துதானே.


ஜூலை 12, ஞாயிறு

அப்பா கூப்பிட்டார். வழக்கமான இருபது நிமிடத்துக்குப் பதில் முப்பத்தைந்து நிமிடம். நான் காதைப் பொத்திக்கொண்டு பாத்திரம் கழுவினேன். அப்படியும் கேட்டது.


ஜூலை 14, செவ்வாய்

அம்மா இன்று ஒரு காரியம் செய்தாள். வலது டிரான்சிஸ்டரைக் கழற்றி இடது பக்கம் மாட்டினாள், இடதை வலதில். போலியாக இருந்தால் சூடு அதனோடு இடது பக்கம் போக வேண்டும்.

போகவில்லை. வலது பக்கமே சுட்டது.

"ஆள மாத்தினாலும் இடந்தான் சுடுது" என்றாள் அம்மா. அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள். "மாணிக்கம் சார் மேல ஒரு தப்பும் இல்ல. என்னத்தயெல்லாம் எழுதித் தொலச்சேன்! இந்நேரம் அவர் கையில கெடச்சிருக்கும். எப்படி இனிமே அவர்கிட்ட பேசுவேன்?"

லெட்டர் மூன்றடி தள்ளி என் புத்தகப்பையில் இருந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால், ஏன் போடவில்லை என்று கேட்பாள். "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்டேன்.


ஜூலை 15, புதன்



அம்மா வலது பக்கத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். மீட்டரின் இரண்டு முனைகளையும் கறுப்பு ஸ்லீவின் இரண்டு பக்கமும் வைத்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பத்து. சரியாத்தான் இருக்கு."

எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவள் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனாள். "இந்த சால்டர் நான் வச்சதா? கொழுக்கட்ட மாதிரி இருக்கு." என் பக்கம் திரும்பவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு, "போய்ப் படி" என்றாள். அவ்வளவுதான். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அப்பா இன்று கூப்பிடவில்லை. எதிரே புயலோ, அல்லது வெறுத்துவிட்டாரோ. "அங்க வேற டியூட்டியா இருக்கும்" என்றாள் அம்மா. இரண்டு தடவை சொன்னாள்.


ஜூலை 16, வியாழன்

இதை மெதுவாக எழுத வேண்டும்.

பள்ளியிலிருந்து வந்ததும் பாத்ரூம் கதவைப் பூட்டிக்கொண்டேன். என்னிடம் மூன்று பொருள்கள் இருந்தன. ஒடிந்த பழைய ரெசிஸ்டர், அதை காம்பஸ் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். மிச்சமிருந்த ஒரு புதிய பச்சை ரெசிஸ்டர். ஒரு பிளேடு.

நேற்று முழுதும் ஒரே யோசனை. இடம் சுடுகிறது. அந்த இடத்தில் நான் தொட்டது ஒன்றே ஒன்று. மீட்டர் பத்து என்கிறது. பத்து என்பது உண்மையானால் வேறு எதுவோ வித்தியாசம் இருக்க வேண்டும்.

பழையதைக் கல்லில் வைத்து உடைத்தேன். உள்ளே பென்சில் கரி மாதிரிக் கறுப்பாக ஒரு குச்சி. வேறொன்றுமில்லை.

புதியதன் பச்சைப் பூச்சைப் பிளேடால் சுரண்டினேன். விரலில் கொஞ்சம் வெட்டிவிட்டது. பூச்சு உதிர்ந்ததும் தலைமுடி போல ஒரு கம்பி மின்னியது. இன்னும் சுரண்டினேன். வெள்ளைக் குச்சியின் மேல் அந்தக் கம்பியைச் சுற்றியிருந்தார்கள். நெருக்கமாக, அழகாக, அம்மா ரேடியோ காயில்களைச் சுற்றுவதைவிட அழகாக.

சுருள்.

பத்து ஓம்தான். ஆனால் அது ஒரு சுருள், ரேடியோவில் மின்சாரத்தை ஆட வைப்பதே சுருள்தான். ஊஞ்சலை நிறுத்தக் கால் தேய்க்க வேண்டிய இடத்தில் நான் இன்னொரு ஊஞ்சலைக் கட்டியிருக்கிறேன்.

தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். ஆனால் அழும்போதே இன்னொன்றும் இருந்தது. அதை இங்கே மட்டும் எழுதுகிறேன். கண்டுபிடித்துவிட்டேன்.


ஜூலை 17, வெள்ளி

சொல்லவில்லை. காலையில் சொல்லலாம் என்றிருந்தேன், அம்மா அவசரமாகக் கிளம்பினாள். மாலையில் சொல்லலாம் என்றிருந்தேன், அம்மா மொட்டை மாடிக்குப் போய் ஏரியல் முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் அவிழ்ப்பதற்கு முன் தானே அவிழ்த்துவிடலாம் என்று யோசிக்கிறாளாம். "அவங்க பிளையரால வெட்டிப்புடுவாங்க. நானா அவுத்தா வயராவது மிஞ்சும்."

தூங்கப் போகும்போது சொன்னாள்: "டெல்பின், பெட்டிய மூடல. தெறந்தே கெடக்கட்டும். சால்டரிங் அயர்னும் மேசை மேலதான் இருக்கு."

மறந்துவிட்டாள் போலிருக்கிறது. அவள் ஒருநாளும் அப்படி விட மாட்டாள்.

நாளைக்கு அவளுக்கு லீவு.


ஜூலை 18, சனி

காலை ஆறரை மணி. அம்மா காப்பியோடு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் போய் மூன்றையும் வரிசையாக வைத்தேன். உடைந்த கரி ரெசிஸ்டர். சுரண்டிய பச்சை. இன்லேண்டு லெட்டர்.

முதலில் லெட்டரைத்தான் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போடலியா?" என்றாள். பிறகு கண்ணை மூடி, "மாதாவே" என்றாள். கோபமாக இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். படம் வரைந்தது, பென்சில், கடை, ஸ்லீவ். அம்மா சுரண்டியதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துச் சுருளைப் பார்த்தாள்.

அடி விழும் என்று தோளைக் குறுக்கினேன்.

"மீட்டர் பத்துன்னுச்சு" என்றாள். "உன்கிட்டயும் பத்துன்னுச்சு, என்கிட்டயும் பத்துன்னுச்சு. நானும் நம்பிட்டேன். பதினஞ்சு வருஷ சர்வீசு எனக்கு."

"அம்மா, மன்னிச்சிரும்மா."

"சட்டம் என்ன?"

"நீ இல்லாம மேசையத் தொடக் கூடாது."

"தொட்டது தப்பு. மறச்சது அதவிடப் பெரிய தப்பு. ரெண்டு வாரமா உங்க அப்பா தொண்ட கிழியக் கூப்பிட்டாரு." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. அடியை விட அது வலித்தது. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, இழுப்பறையைத் திறந்து, பழுப்பு நிறக் கரி ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். "நீ மாட்டுனத நீயே கழட்டு. நீயே மாட்டு. கொழுக்கட்ட புடிச்ச, கைய ஒடச்சிருவேன்."

அவள் டார்ச் பிடித்தாள். நான் சால்டர் வைத்தேன். இரண்டாம் தடவை சின்னதாக, பளபளப்பாக வந்தது.

ஆன் செய்தாள். முள் அசையவில்லை. கீயை அழுத்தினாள். பல்பு பளிச். விட்டாள்.

இருட்டு.

மறுபடி அழுத்தி விட்டாள். இருட்டு. பத்துத் தடவை செய்திருப்பாள். இரண்டு டிரான்சிஸ்டரையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணு போல வெதுவெதுங்கு" என்றாள். பிறகு, "போயி மொகத்தக் கழுவு. இட்லிக்கு என்ன தொட்டுக்கிடுத?" என்றாள்.

லெட்டரைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.


ஜூலை 19, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் கூட்டம். அண்ணாச்சி கையில் பிளையர்.

"சரியாயிட்டு அண்ணாச்சி" என்றாள் அம்மா.

"அன்னைக்கும் இதத்தான் சொன்னீங்க."

"ஏழு மணிக்கு நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட பேசணும். நீங்க என் பக்கத்துல வந்து உக்காருங்க. உங்க வீட்டுல அக்கா டிவி பாக்கட்டும். ஒரே ஒரு கோடு விழுந்தாலும் நானே மேல ஏறி அவுத்துத் தாறேன்."

அண்ணாச்சி யோசித்தார். "கீழ உங்காளு யாரு?"

"டெல்பின்."

அதனால் அப்பாவை நான் கேட்கவில்லை. ஏழு மணிக்கு அண்ணாச்சி வீட்டு டிவி முன்னால், அவர் மனைவி சண்முகக்கனி அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்ன படம் என்றே தெரியாது. கதாநாயகியின் கன்னத்தையும், அவளுக்குப் பின்னால் இருந்த வானத்தையும் மட்டும் பார்த்தேன். கோடு விழுந்தால் வானத்தில்தான் முதலில் தெரியும்.

படிக்கட்டு வழியாக அண்ணாச்சியின் குரல் இறங்கி வந்தது. "ஆரம்பிச்சுட்டா! அடிக்கா!"

"படம் நல்லாத் தெரியுது!" என்று அக்கா கத்தினாள்.

"ஏ, நெசமாவா? நல்லாப் பாரு! இப்ப வேகமா அடிக்கா!"

"கண்ணாடி மாதிரி தெரியுது! சத்தம் போடாதீங்க, வசனம் கேக்கல!"

வானம் சுத்தமாக இருந்தது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஐந்து நிமிடம். பத்து. அண்ணாச்சியின் சத்தம் நின்றுவிட்டது. அது பயமாக இருந்தது. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குரல் வந்தது. வேறு மாதிரிக் குரல்.

"ஏ கனி! அவரு பேசுதாருடி! பிரேசில் பக்கத்துலேருந்து! கப்பல்ல மீன் கொழம்பு நல்லா இல்லியாம்!"

அக்கா என்னைப் பார்த்தாள். "அழுதியா பிள்ள?"

"இல்லக்கா. படம்."

"இது சிரிப்புப் படம்ல?" என்றாள்.

நான் மேலே ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது. அண்ணாச்சி அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றாமல் இருந்தார். பிளையர் மேசை மேல் கிடந்தது. அவர் போன பிறகும் அது அங்கேயே இருக்கிறது.

புதன்கிழமை அப்பாவின் ஏரியல் காற்றில் அறுந்திருக்கிறது. அன்று அவர் கூப்பிடாததற்கு அவ்வளவுதான் காரணம்.


ஜூலை 20, திங்கள்

காலை. பள்ளிக்கு இன்னும் அரைமணி இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். டார்ச் தேவைப்படவில்லை.

அம்மா ஒவ்வொரு பேச்சையும் ஒரு பெரிய நோட்டில் பதிய வேண்டும். தேதி, நேரம், யாரோடு என்று. லைசென்ஸ்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். கடைசிப் பத்தியில் குறிப்பு எழுத இடம் இருக்கும். இன்று அதைத் திறந்து என் முன்னால் வைத்தாள். நேற்றைய வரிக்கு முன்னால் இரண்டு வரி புதிதாக இருந்தன.

'ஜூலை 4: வலது ரெசிஸ்டர் மாற்றம் – டெல்பின்.
ஜூலை 18: கோளாறு கண்டுபிடிப்பு, வலது ரெசிஸ்டர் மாற்றம் – டெல்பின்.'

"ரெண்டையுமா எழுதணும்?" என்று கேட்டேன்.

"நடந்தத எழுதணும்" என்றாள் அம்மா. "அப்பாகிட்டயும் ரெண்டையும் சொல்லிட்டேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

அம்மா நேற்று எழுதி எடுத்த தாளைக் காட்டினாள். அவசரமான ஆங்கில எழுத்துகள், பாதி சுருக்கம். ஒவ்வொன்றாகப் படித்தேன். 'டெல்பின் எங்கே' என்று கேட்டிருந்தார். 'கீழே டிவி பார்க்கிறாள்' என்று அம்மா. 'படிக்காமலா' என்று அவர். அதற்குக் கீழே, நான் கண்டுபிடித்ததை அம்மா சொன்னதற்கு அவர் பதில்: 'சுரண்டிப் பார்த்தாளா. படத்தோடு அதையும் அனுப்பச் சொல்.'

லைசென்ஸ் வாங்கும் வரை கீயைத் தொடக் கூடாது. அது மாறாது. பரீட்சை விண்ணப்பத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறாள், பதினான்கு வயது போதுமாம். சால்டரிங் அயர்னை, அவள் வீட்டில் இருக்கும்போது, தொடலாம்.

பெட்டியின் படத்தை முடித்துவிட்டேன். வலது பக்கத்து ஸ்லீவிலிருந்து ஒரு அம்புக்குறி போட்டு, 'இங்கே' என்று எழுதியிருக்கிறேன். சுரண்டிய ரெசிஸ்டரைப் பஞ்சில் வைத்துக் கவரில் போட்டு ஒட்டியாகிவிட்டது. இந்தத் தடவை தபால் பெட்டிக்குள் முழுதாகப் போடுவேன்.

மணியாகிவிட்டது. இன்றைக்குச் சமூக அறிவியல் இல்லை. நோட்டைப் பையில் வைக்கவில்லை. இப்படியே, திறந்தபடி, மேசை மேல் வைத்துவிட்டுப் போகிறேன்.